மூன்று பாய்லரோடு போன கப்பல்

(டிசம்பர் 4, கடற்படை தினத்தன்று நம் சமுதாயக் கூடத்தில் பேசியது)



கடற்படை தினம் என்றாலே கராச்சியைத்தான் சொல்வார்கள். 1971-ல் இதே தேதி இரவில் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. நான் பேசப்போவது அன்று பகலில் வங்காள விரிகுடாவில் நடந்ததைப் பற்றி. நம் வாசல் கடல் அல்லவா!

ஐஎன்எஸ் விக்ராந்த் அப்போது நம்மிடம் இருந்த ஒரே விமானம் தாங்கிக் கப்பல். 1965 போரின்போது பழுதுபார்ப்பில் இருந்ததால் போகவே இல்லை. 1971-லும் நான்கு பாய்லரில் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்தால் என்ன என்று கேட்பீர்கள். எதிர்க்காற்றில் கப்பல் வேகமாக ஓடினால்தான் அந்தக் குட்டை ஓடுதளத்திலிருந்து ஸீ ஹாக் விமானம் எழும்ப முடியும். ஆனாலும் மூன்று பாய்லரோடு அனுப்பினார்கள். கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நம் தமிழர்.

விக்ராந்தைத் தேடி பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி வந்தது. கிருஷ்ணன் கப்பலை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய கப்பலை விசாகப்பட்டினத்தில் விக்ராந்த் போல நடிக்க வைத்தார். ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவுக்குக் காய்கறி, மளிகை ஆர்டர். மாலுமி ஒருவர் தாயாரின் உடல்நிலையை விசாரிப்பதுபோல வெளிப்படையாக ஒரு தந்தி. இந்தத் தந்தியைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். காஜி விசாகப்பட்டினம் அருகே 3-ம் தேதி நள்ளிரவை ஒட்டி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டு என்பது நம் தரப்பு. உள்ளே நடந்த விபத்து என்பது அவர்கள் தரப்பு. எப்படியானாலும் 90-க்கு மேற்பட்ட மாலுமிகள் போனார்கள். அவர்களுக்கும் தாயார் இருந்திருப்பார்கள்.

மறுநாள் பகலில் விக்ராந்தின் ஸீ ஹாக்குகள் காக்ஸ் பஜார் விமான தளத்தைத் தாக்கின. பிறகு சிட்டகாங் துறைமுகம். அடுத்த நாட்களில் குல்னா, மோங்லா பக்கமும் போயின. அலிஸே விமானங்களும் சேர்ந்துகொண்டன. அதே சமயம் நம் விமானப்படை டாக்காவின் தேஜ்காவ் ஓடுதளத்தைக் குழி குழியாக்கியதில், பாகிஸ்தானின் ஸேபர் விமானங்கள் சில நாட்களிலேயே தரையோடு முடங்கின.

எங்கள் வங்கிப் பாஷையில், கணக்கை முடக்குவது என்போம். போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த படைக்கு நடந்தது அதுதான். கடல் வழியே ஆளும் குண்டும் வர வழியில்லை, தப்பிப் போகவும் வழியில்லை. ஆகாயமும் மூடியாயிற்று. ஒன்றை மட்டும் அடைத்திருந்தால் இன்னொன்றில் கசிந்திருக்கும். தரைப்படை டாக்காவை நெருங்க, டிசம்பர் 16 அன்று சரணடைந்தார்கள். கைதானவர்கள் சுமார் 93,000 பேர்.

விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, 2014-ல் உடைக்கப்பட்டது. அந்த இரும்பில் கொஞ்சம் பஜாஜ் வி மோட்டார் சைக்கிளாகி ரோட்டில் ஓடியது. நம் பார்க்கிங்கில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.