ஹாஜிகளே, பாதங்களைப் பேணுவீர்!

(ஹஜ்ஜுக்குச் செல்லவிருப்போருக்கான விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் துஆக்களை மனனம் செய்கிறார். இஹ்ராம் துணி வாங்குகிறார். உற்றார் உறவினரிடம் பொறுத்தருளக் கோரி விடைபெறுகிறார். ஆனால் அத்தனை அமல்களுக்கும் தம்மைச் சுமந்து செல்லவிருக்கும் பாதங்களைப் பற்றிப் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. மக்கா சென்ற சில நாட்களிலேயே காலில் கொப்புளம் கண்டு, தவாஃபை நொண்டிக்கொண்டே நிறைவேற்றுவோர் பலர். ஆகவே இன்று நாம் கொப்புளத்தைப் பற்றியே பேசவிருக்கிறோம்.

ஹஜ்ஜில் நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதை முதலில் அறிந்து கொள்வோம். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே சுமார் 450 மீட்டர். ஏழு முறை சென்றால் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அதற்கு முன் தவாஃபின் ஏழு சுற்றுகள் இருக்கின்றன. நெரிசலினால் மேல்தளத்தில் சுற்ற நேர்ந்தால் தூரம் பன்மடங்காகும். மக்காவிலிருந்து அரஃபா ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மினா, முஸ்தலிஃபா, அரஃபாவை இணைக்கும் ரயில் 2010 முதல் ஓடுகிறது என்றாலும், கூடாரத்திலிருந்து நிலையத்திற்கு நடந்துதான் செல்ல வேண்டும். பிறை 10, 11, 12 ஆகிய நாட்களில் ஜம்ராக்களுக்குக் கல்லெறியப் போய்வருவதும் பெரும்பாலும் நடையே. நாமோ கருணாபுரத்திலிருந்து கடைவீதிக்குச் செல்லவும் வண்டியை எடுத்துப் பழகியவர்கள்!

“வேதனைப்பட்டு நடந்தால் நன்மை அதிகந்தானே?” என்று சிலர் கேட்பதுண்டு. தம் இரு மக்களின் தோள்களைப் பற்றித் தள்ளாடி வந்த முதியவர் ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டு விசாரித்தார்கள். கஅபாவுக்கு நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருப்பதாகக் கூறப்பட்டது. அவர் தம்மைத் தாமே வதைத்துக் கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை எனக் கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லுமாறு பணித்தார்கள். மறுபுறம், ‘தாத்துர் ரிகாஃ’ போர்ப் பயணத்தை எண்ணிப் பாருங்கள். ஆறு பேருக்கு ஓர் ஒட்டகம். நடந்து நடந்து பாதங்கள் புண்ணாயின. அபூமூஸா (ரலி) அவர்களின் கால் நகங்கள் உதிர்ந்தன. கந்தல் துணிகளைக் கால்களில் சுற்றிக்கொண்டு நடந்ததால் அப்பயணத்திற்கே அப்பெயர் வந்ததாக அவர்கள் அறிவிக்கிறார்கள். தவிர்க்க முடியாத துன்பத்தை அவர்கள் பொறுத்துக் கொண்டார்கள். கைக்குக் கிடைத்ததைக் கொண்டு காலையும் பாதுகாத்துக் கொண்டார்கள். தவிர்க்கக்கூடிய துன்பத்தை நாம் தேடிச் செல்வது பொறுமை ஆகாது.

கொப்புளம் எப்படி உண்டாகிறது? செருப்பு, தோலின் மேற்பரப்பை ஒரு பக்கம் இழுக்க, உள்ளிருக்கும் எலும்பு மறுபக்கம் நகர்கிறது. இவ்விதம் ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது, தோலின் மேலடுக்குகள் உள்ளே பிரிந்து அவ்விடத்தில் நீர் கோக்கிறது. வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்துகின்றன. இங்கேதான் நமக்குரிய ஒரு விஷயம் உள்ளது. நாம் நாளொன்றுக்குப் பலமுறை ஒளூ செய்கிறோம். கால்களைக் கழுவி, ஈரத்தோடு அப்படியே செருப்பில் நுழைத்துப் புறப்படுகிறோம். ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உராய்ந்து பிரியும். கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கோதிக் கழுவுவது சுன்னத் என்பதைப் பேணும் நாம், அதே விரல் இடுக்குகளைச் சிறு துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவிட்ட பின்னரே நடப்பதையும் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

அடுத்தது செருப்பு. இஹ்ராமில் ஆண்கள் காலுறையும் மூடிய காலணியும் அணியலாகாது. திறந்த பட்டைச் செருப்பே ஐயத்திற்கு இடமில்லாதது. தையல் போட்ட செருப்பு கூடாது என்று சிலர் அஞ்சுகின்றனர். அது தவறான எண்ணம். தைத்த ஆடை என்பதன் கருத்து, உடலின் அளவுக்கேற்ப வடிவமைத்த உடை என்பதே. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ரப்பர் வார் செல்லும் செருப்பு அவ்விடத்தை அறுத்துவிடும். அகலமான, மிருதுவான பட்டையுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பயணத்திற்கு முந்தைய நாள் புதிதாக வாங்காதீர்கள். இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கி, அதையே அணிந்து பழகுங்கள். ஃபஜ்ருக்குப் பின் கச்சிராயபாளையம் சாலையில் முதலில் 2 கிலோமீட்டர் நடந்து, வாராவாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அதனால் தோல் உறுதி பெறும்; செருப்பு எந்த இடத்தில் கடிக்கிறது என்பதும் ஊரிலேயே தெரிந்துவிடும்.

பெண்கள் இஹ்ராமிலும் காலுறையும் காலணியும் அணியலாம். வியர்வையில் நனைந்ததை மாற்றிக்கொள்ள, உலர்ந்த காலுறைகளைக் கைப்பையில் வைத்திருங்கள். சாதாரண மெல்லிய காலுறைமீது மஸஹு செய்வது போதாது. கழற்றிக் கழுவியே ஆக வேண்டும்.

உராயும் இடங்களில் வாஸ்லின் தடவலாம். இஹ்ராமில் வாசனையற்றதாக இருத்தல் அவசியம். தடிப்பாக அப்பியிருந்தால் ஒளூவுக்கு முன் துடைத்துவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ‘மைக்ரோபோர்’ காகித டேப்பும் பயன் தரும். 250 கிலோமீட்டர் ஓடிய வீரர்களிடையே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. எனினும் ஒரு சட்டத்தை மறக்கலாகாது: நல்ல தோலின்மீது டேப் இருந்தால் நீர் சேராது, ஒளூவின்போது அதை எடுத்துவிட வேண்டும். காயத்தின்மீது போட்டு, எடுத்தால் தீங்கு நேரும் என்ற நிலையில் மட்டுமே கட்டின்மீது மஸஹு செய்யும் சலுகை உண்டு.

இஹ்ராமுக்கு முன் நகங்களை நேராக வெட்டிக் கொள்ளுங்கள். இஹ்ராமில் வெட்ட இயலாது. ஹரம் வாசலில் செருப்பை விட்டுச் செல்லாமல், துணிப்பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். மதாஃபின் வெண்பளிங்கு வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும், வெளிச்சாலை அப்படியன்று. செருப்பைத் தொலைத்து நண்பகலில் வெறுங்காலோடு நடந்தால், உராய்வின்றியே பாதம் வெந்து கொப்பளிக்கும். நீரிழிவு உள்ளவருக்கு உணர்ச்சி குன்றியிருப்பதால் அது தெரியவும் தெரியாது. அவர்கள் இரவுதோறும் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவக் காரணத்தால் மூடிய காலணி அவசியமானவர், ஃபித்யா கொடுத்து அணிய வழியுண்டு. அதை ஊரிலேயே ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளிந்து செல்லுங்கள்.

நடக்கும்போது ஓரிடம் எரியத் தொடங்கினால் அதுவே முன்னெச்சரிக்கை. உடனே ஓரமாக அமர்ந்து, துடைத்து, வேண்டியதைச் செய்யுங்கள். குழுவினர் முன்னே போகிறார்களே என்று வெட்கப்பட வேண்டாம். கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலை உரிக்காதீர்கள். அதுவே இயற்கையான கட்டு. சிறியதைக் குத்தாமல் மூடி வையுங்கள். பெரியதை மருத்துவ முகாமில் காட்டுங்கள். நீரிழிவாளர் ஒருபோதும் தாமாகக் குத்தலாகாது. ஹனஃபி மத்ஹபில், கொப்புளம் உடைந்து நீர் வழிந்தோடினால் ஒளூ முறிந்துவிடும்; ஷாஃபி மத்ஹபில் முறியாது. இரு மத்ஹபினரும் தவாஃபுக்கு ஒளூவை வலியுறுத்துகின்றனர். ஒரு சிறு கொப்புளம் இபாதத்தையே எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, பாருங்கள்!

இன்னொன்றையும் கூறி முடிக்கிறோம். 2024 ஜூன் மாதத்து ஹஜ்ஜில் புனித ஹரமில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமுமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். கால் நலமாக உள்ளவர் நிழலை விரைந்து அடைகிறார்; புண்பட்ட காலோடு நடப்பவர் அதே வெயிலில் இருமடங்கு நேரம் நிற்கிறார். ஆகவே முறையான அனுமதியோடு செல்லுங்கள். இயன்றவரை வெயில் தணிந்த நேரங்களில் நடங்கள். இயலாதவர் சக்கர நாற்காலியை நாடத் தயங்காதீர்கள்.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணிச் சென்று, அமல்களை நிறைவாகச் செய்து, நலமோடு ஊர் திரும்பும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் ஹாஜிகள் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.