வழிமறித்தது முறையா?
(திருகோணமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துறைமுக நகரத்தாராகிய உங்களுக்குக் கடற்படையைப்பற்றி நாம் விளக்கப்புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் சட்டத்தைப்பற்றிச் சில சொல்வோம்.

1987 ஜூன் 3ஆம் நாள், யாழ்ப்பாண மக்களுக்கென உணவும் மருந்தும் ஏற்றி இராமேசுவரத்திலிருந்து புறப்பட்ட மீன்பிடிப் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. குற்றமா? தன் ஆட்சிக் கடலுள் இசைவின்றி நுழையும் கலத்தைத் தடுக்க எந்த அரசுக்கும் உரிமையுண்டு. நம் வயிற்றெரிச்சலுக்காக அதை மறுக்கமாட்டோம். மறுநாள் இந்திய விமானங்கள் வானிலிருந்து பொருள்களைப் போட்டனவே, அதற்குச் சட்டநூலில் இடந்தேடுவதும் அரிதே!

ஆனால், தடுக்கும் உரிமை வேறு. பட்டினி போடும் உரிமை வேறு. பின்னது எவருக்கும் இல்லை. சோதித்துப் பார், அரிசியை விடு என்பதே 1994ஆம் ஆண்டுச் சான் ரெமோ கையேட்டின் விதி. நாடுகளுக்கிடையிலான போரில், பகைவன் நாட்டு மக்களுக்கே இவ்விதியென்றால் சொந்தக் குடிமக்களுக்கு எவ்விதி?

2010 மே 31இல் காசாவுக்குச் சென்ற துருக்கிக் கப்பலை இஸ்ரேலியப் படை நடுக்கடலில் தாக்கியது. ஒன்பதுபேர் அன்றே மாண்டனர். முற்றுகை செல்லும், பலப்பிரயோகம் மிகை என்றது பாமர் குழு. மனித உரிமைப் பேரவையின் குழுவோ முற்றுகையே செல்லாதென்றது. அறிஞர் சண்டை இன்னும் ஓயவில்லை.

சோதித்து விடுவது இயலாததா? 2009 பெப்ரவரியில் வன்னியில் காயமுற்றோரை ஏற்றிய செஞ்சிலுவைக் கப்பல் கடற்படை பார்த்திருக்க இத்துறைமுகத்துக்கே வந்ததே! 1987இலும் அதே ஜூன் மாதக் கடைசியில் இரு அரசுகளும் இணங்கி, நிவாரணக் கப்பல் காங்கேசன்துறையை அடைந்தது. 3ஆம் நாள் ஆபத்தாயிருந்த அரிசி, மாதக் கடைசியில் எப்படி ஆபத்தற்றதாயிற்று?