தொடுதலும் வசப்படுத்துதலும்

விளையாட்டின் உயிர் விதியில் இருக்கிறது. விதியின் உயிரோ அதன் சொல்லில் இருக்கிறது. பள்ளி மாணவர்கள் தாமே ரோபோக்களை அமைத்து ஆடும் ‘ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்’ என்னும் போட்டி இதற்கு நல்ல சான்று.

12 அடிச் சதுரக் களத்தில் இரண்டு ரோபோக்கள் ஓரணியாக நின்று மற்ற இரண்டை எதிர்க்கின்றன. ஆட்டம் இரண்டரை நிமிடம். களத்தில் கிடக்கும் பொருள்களை எடுத்து இலக்கில் சேர்த்தால் புள்ளி. ஆனால் ஒரு ரோபோ ஒரே சமயத்தில் எத்தனை பொருள்களை வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2020-21இல் மூன்று வளையங்கள். 2022-23இல் ஒரே கூம்பு. 2023-24இல் இரண்டு அறுகோண வில்லைகள். மீறினால் எதிரணிக்குப் புள்ளி சேரும். வரம்பு இல்லையேல் வலிய ரோபோ யாவற்றையும் வாரிக்கொள்ளும். ஏனையவை வெறுங்களத்தில் நிற்கும்.

வைத்திருத்தல் என்பது யாது? தூக்கிச் செல்வது ஐயமின்றி அதுவே. தூக்காமல், வேண்டிய இடம் நோக்கித் தள்ளிச் செல்வதும் அதுவே. பிறர் எடுக்காதபடி சுவரோடு அணைத்துக் காப்பதும் அதுவே. நம் மும்பை மின்ரயிலில் சன்னல் வழியே கைக்குட்டையை இட்டு இருக்கையைப் பிடிப்பவர் அதில் இன்னும் அமரவில்லை. ஆயினும் இருக்கை அவர் வசமாகிவிடுகிறதன்றோ? ஆனால் போகும் வழியில் கிடந்த பொருள் தற்செயலாக இடிபட்டு உருண்டால் குற்றமில்லை.

நடுவர் மாணவரின் உள்ளத்தைக் காண இயலாது, இயக்கத்தையே காண்பார். ரோபோ திரும்பும்போது பொருளும் உடன் திரும்பி இலக்கை நோக்கிச் சென்றால், எண்ணம் வெளிப்பட்டுவிடும். ஆகவே, முன்தகடு உட்குழிந்திருந்தால் வேண்டாத பொருளும் அதில் தங்கி வம்பை விளைக்கும். கலப்பைபோல் முனைகூராக இருந்தால் பொருள் இருபுறமும் விலகிப்போகும். ஒரு சொல்லின் பொருள் தகட்டின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

விதிநூல் ஆங்கிலத்தில் உள்ளது. தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பயிலும் மாணவனுக்கு அதை எப்படிச் சொல்வது? ‘உடைமை’ என்றால், “எதுவும் எனக்குச் சொந்தமில்லையே” என்பான். ‘கைப்பற்றுதல்’ என்றால், ரோபோவின் கையை மட்டும் நினைப்பான். தள்ளியதற்குத் தண்டம் விழும்போது திகைப்பான். பல மாத உழைப்பு ஒரு சொல்லால் வீணாகலாம். ‘வசப்படுத்துதல்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அதுவும் தனியே போதாது. தூக்குதல், தள்ளுதல், அணைத்தல், தற்செயலாக இடித்தல் ஆகிய நான்கையும் உதாரணமாக உடன் எழுத வேண்டும்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாணவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் தகட்டை அறுப்பதற்கு முன், விதிநூலின் சொல்விளக்கப் பகுதியை மாணவரோடு அமர்ந்து படியுங்கள்.