உலோக நஞ்சும் உயிர்த் துப்புரவும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேதியியல் பேசினால் எல்லோரும் பந்திக்கு எழுந்து போயிடுவாங்க" என்று செயலாளர் முன்னரே எச்சரித்துவிட்டார். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

இராஜபாளையத்தில் பஞ்சாலை, சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி, பக்கத்துச் சிவகாசியில் பட்டாசும் அச்சும். தொழில்தான் நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் தோல், சாயம், முலாம் பூச்சு போன்ற தொழில்களின் கழிவில் குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் வரக்கூடும். சாணம் மக்கிப் போகும். எண்ணெயைக்கூட நுண்ணுயிர் தின்று தீர்க்கும். உலோகம் தனிமம் ஆயிற்றே! அது அழியாது. இடம் மாறும், உருவம் மாறும், அவ்வளவுதான்.

"அப்ப உயிரினம் எப்படிங்க சுத்தம் பண்ணும்?" என்று கேட்பீர்கள். அந்த உருவத்தை மாற்றித்தான்.

இராணிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, வளாகத்தில் 1.5 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு கிடந்தது. மழைநீர் அதில் இறங்கி மஞ்சளாகக் கசிந்தது. அந்த மஞ்சள்தான் ஆறு இணைதிறன் குரோமியம். நீரில் கரையும், புற்றுநோய் தரும். மூன்று இணைதிறன் குரோமியமோ எளிதில் கரையாமல் மண்ணிலேயே தங்கும், நச்சும் குறைவு. சில பாக்டீரியாக்கள் முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிடுகின்றன. அவற்றுக்குத் தீனியாகக் கழிவுப்பாகு போன்ற மலிவான பொருளே போதும். ஆனால் கழிவு மலையின் செறிவிலும் காரத்திலும் அவை தாக்குப்பிடிப்பது கடினம். முதலில் மழை படாமல் மூட வேண்டும்; கசிந்து பரவிய நீரில்தான் நுண்ணுயிருக்கு வேலை.

இன்னொரு கூட்டத்தை நீங்கள் மூக்கால் அறிவீர்கள். கண்மாயில் கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாவின் கைவரிசை. அந்த வாயு துத்தநாகம், காட்மியம், ஈயம் ஆகியவற்றோடு சேர்ந்தால் கரையாத சல்பைடாகப் படியும். நெதர்லாந்தின் பூடல் என்ற ஊரில் துத்தநாக ஆலை ஒன்று 1992 முதல் இம்முறையில் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்தது. படிந்த துத்தநாகம் திரும்ப உலைக்கே போனது. கழிவே கச்சாப்பொருள் ஆயிற்று!

செடிகளும் உண்டு. கடுகுச்செடி ஈயம், காட்மியத்தை உறிஞ்சும். ஆகாயத்தாமரை வேரில் பல உலோகங்களைச் சேர்த்து வைக்கும். ஆர்சனிக்கை ஓலையில் குவிக்கும் ஒருவகைப் பெரணியை அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் அறிவித்தார்கள்.

இங்கேதான் தம்பி தங்கைகள் கவனிக்க வேணும். உறிஞ்சிய செடியை அப்புறம் என்ன செய்வது? மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும். எருவாக்கினால் வயலுக்கே திரும்பும். சுத்தம் செய்யும் குணமும், நஞ்சைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவரும் குணமும் ஒன்றேதான். சாக்கடை ஓரத்துக் கீரையை நினைத்துப் பாருங்கள். அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே செடி வளர்ப்பது பாதி வேலை. அறுத்துப் பத்திரமாக அப்புறப்படுத்துவது மீதி.

இந்த முறைகள் மெதுவானவை. பல ஆண்டு பிடிக்கும். 1996இல் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. அதைவிட மலிவு, கழிவு ஆலை வாசலைத் தாண்டாமல் தடுப்பது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் கண்மாய்களின் நீரையும் சேற்றையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதியுங்கள். முடிவுகளை ஒரே நோட்டில், தேதி போட்டு, வருடாவருடம் எழுதி வையுங்கள். கெடுவதற்கு முந்தைய கணக்கு கையில் இருந்தால்தான், கெட்டபிறகு யாரிடமும் நியாயம் கேட்க முடியும். அதற்கான ரசாயனச் செலவை முன்னாள் மாணவர்களாகிய நாம் ஏற்போம் என்று இந்த மேடையிலேயே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் கை தூக்கினால் போதும், பந்திக்குப் போகலாம்.