வெள்ளம் தொடங்கிய பின் காப்புறுதி செல்லுமா?

(புத்தளம் மாவட்டக் கரையோரக் கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரும்போக மழை கனத்து, தெதுறு ஓயா கலங்கிப் பெருகும் நாட்களில் எம்மிடம் கேட்கப்படும் வினா ஒன்றுண்டு. "ஐயா, ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது, எனது வயலில் இன்னும் ஏறவில்லை. இன்று பணம் கட்டினால் காப்புறுதி கிடைக்குமா?" என்பதே அது. இந்த வெள்ளத்துக்குக் கிடைக்காது என்பதே அதற்கு விடையாகும். அதன் நியாயத்தையும், முன்னரே காப்புறுதி செய்தவர் கவனிக்க வேண்டியவற்றையும் இன்று விளக்க விரும்புகின்றேன்.

வருமோ வராதோ என்று தெரியாத நட்டத்தைப் பலர் கூடிப் பகிர்ந்து தாங்கும் ஏற்பாடே காப்புறுதி. பலர் செலுத்தும் சிறு தொகைகள் ஒன்றுசேர்ந்து, நட்டமடைந்த சிலருக்குப் பெருந்தொகையாகச் செல்கின்றன. வெள்ளத்தைக் கண்ட பின்னரும் சேரலாமென்றால், முன்கூட்டிச் சேருவார் எவருமிலர். பொது நிதியும் நிலைக்காது. ஆகையால் வேறு நாடுகளிலும் இதற்குத் தடை வைத்துள்ளனர். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தில், புதிய ஒப்பந்தம் பொதுவாக 30 நாட்கள் கழிந்தே நடைமுறைக்கு வருகின்றது. தமிழ்நாட்டிலே சம்பா நெல்லைக் காப்புறுதி செய்வதற்கு ஆண்டுதோறும் இறுதித் தேதி குறிக்கப்படுகின்றது.

எமது நாட்டில் பயிர்க் காப்புறுதி 1958 ஆம் ஆண்டில் நெல்லுக்கெனச் சோதனை முறையில் தொடங்கிற்று. 1961 ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. இப்பொழுது கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை, 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குகின்றது.

வெள்ளம் எப்பொழுது தொடங்கியது என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். எமது கரையோரத்தில் மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் வேளையிலும் வெள்ளம் வரக்கூடும். தெதுறு ஓயாவும் மீ ஓயாவும் குருநாகல் பக்கத்து மேட்டு நிலங்களின் நீரைக் கொண்டுவருகின்றன. அங்கு பெய்த மழை, குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்ட பின், எம் வயல்களை வந்தடைகின்றது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது இதை நாம் கண்ணாரக் கண்டோம். மேலே ஆறு கரைமீறி, எச்சரிக்கையும் விடுக்கப்பட்ட பின்னர் செய்யும் ஒப்பந்தம், தெரிந்த ஆபத்தின் மீது செய்யும் ஒப்பந்தமாகும். "என் வரம்பு இன்னும் காய்ந்தே கிடக்கிறது" என்று சொல்வது அங்கே உதவாது. நிலைமையை மறைத்து விண்ணப்பித்தால் ஒப்பந்தம் முழுவதுமே செல்லாமற் போகவுங் கூடும்.

இரு அயற் கமக்காரரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் விதைப்பின்போதே காப்புறுதி செய்து, பற்றுச்சீட்டையும் வைத்திருக்கின்றார். மற்றவர் வான்கதவு திறந்த செய்தி கேட்ட பின் அலுவலகத்துக்கு ஓடுகின்றார். இருவர் வயலும் ஒரே இரவில் மூழ்கினும், முதல்வரே நட்டஈடு கோரும் உரிமையுடையவர். மற்றவர் அரசாங்க நிவாரணத்தை எதிர்பார்க்கலாம். ஆனால் நிவாரணம் அரசாங்கம் தீர்மானித்து வழங்குவது. காப்புறுதியோ ஒப்பந்தப்படி கேட்டுப் பெறும் உரிமை.

மரக்கறிச் செய்கையாளர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். 2024 நவம்பர் வெள்ளத்தின் பின் ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா நட்டஈடு அறிவிக்கப்பட்டபோது, நெல், சோளம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மிளகாய், சோயா ஆகிய ஆறு பயிர்களே அதில் அடங்கின. கற்பிட்டி மணற்பாங்கில் நாம் செய்யும் சின்ன வெங்காயமும், கத்தரியும், வெண்டியும் அப்பட்டியலில் இல்லை. இத்தகைய பயிர்களைச் செய்வோர் தாமாகவே சபையின் அலுவலகத்தை அணுகி, போகத் தொடக்கத்திலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளல் நன்று.

காப்புறுதி முன்னரே நடைமுறையில் இருப்பின், வெள்ளம் வந்தவுடன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

1. நீர் ஏறிய நாள், நேரம், உயரம், பயிரின் வயது என்பவற்றை எழுதி வையுங்கள். படமும் எடுங்கள்.

2. நீர் வடியும்வரை காத்திராது, கமநல சேவை நிலையத்துக்கும் காப்புறுதிச் சபைக்கும் உடனே அறிவியுங்கள். எத்தனை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டுமென்பதைப் பத்திரத்தில் முன்னரே பார்த்து வையுங்கள்.

3. பரிசோதனை முடியுமுன் வயலை உழுது மாற்றாதீர்கள். ஆயினும் வாய்க்காலைத் துப்புரவாக்கி நீரை வடியவிடத் தாமதிக்க வேண்டாம். தேங்கிய நீரில் மிளகாயின் வேர் விரைவில் அழுகும். முற்றாக மூழ்கிய இளநெல்லும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது அரிது. நட்டத்தைக் குறைக்க முயலுதல் உங்கள் கடமையுமாகும்.

4. நீர் வடிந்து மீண்டும் ஏறினால், அதனையும் தனியாக அறிவியுங்கள். மறுமுறை விதைப்பதாயின், புதிய விதைப்புக்குக் காப்புறுதி உண்டா என்பதை முதலிலே கேட்டறியுங்கள்.

அன்பர்களே, விதை நெல்லை ஊறப் போடும் நாளிலேயே காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். தொடங்கும் தேதி, பயிரின் பெயர், காணியின் அளவு ஆகிய மூன்றும் சரியாக உள்ளனவா என நோக்குங்கள். வெள்ளம் வருமுன்னரே அணை போடல் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வயலுக்குப் பொருந்தும் அவ்வாக்கு, காப்புறுதிப் பத்திரத்துக்கும் பொருந்தும்.