வியர்த்தால்தான் விளையாட்டா?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பின் விளையாட்டு விழாவில் கேரமும் பெத்தாங்கும் சேர்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் எழுதிக் கொடுத்தோம். "அதெல்லாம் பொழுதுபோக்கு சார், ஓடி வியர்த்தால்தான் விளையாட்டு" என்றார் குழுவில் ஒரு தம்பி. எந்தத் தொகை எந்தத் தலைப்பில் வரும் என்று பார்த்தே வங்கியில் காலம் தள்ளியவன் நான். இதையும் அப்படியே பார்க்கிறேன்.

வியர்வைதான் கணக்கு என்றால், மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கி வரும் பையனும் விளையாட்டு வீரன்தான். ஆனால் அது வேலை. அங்கே எதிராளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. சரி, விதியும் வெற்றியும் மட்டும் போதுமா? பரமபதத்தில் இரண்டும் உண்டு. ஆனால் எத்தனை வருடம் ஆடினாலும் அதில் கை தேறாது. எல்லாம் தாயக்கட்டையின் தயவு. ஆகவே என் கணக்கு இது: பொது விதி, எதிராளி, பழகப் பழகக் கூடும் திறமை. மூன்றும் இருந்தால் விளையாட்டு.

பெத்தாங் நம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சொல்தாக்கள் இங்கே ஆடிய ஆட்டம். சிறிய மரக்குண்டுக்கு அருகில் இரும்புக் குண்டை எறிய வேண்டும். 13 புள்ளி எடுத்தால் வெற்றி. 1907-இல் பிரான்சின் லா சியோத்தா ஊரில், வாத நோயால் ஓடி எறிய முடியாமல் போன ஒரு ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று நண்பர்கள் விதியை மாற்றினார்களாம். அப்படிப் பிறந்ததுதான் பெத்தாங். முழங்கால் வலிக்காரனான எனக்கு அந்த நண்பர்களை ரொம்பப் பிடிக்கும்.

"ஒலிம்பிக்கில் இல்லையே" என்பீர்கள். உண்மைதான். 2024 பாரிசுக்கு முயன்றும் பெத்தாங்குக்கு இடம் கிடைக்கவில்லை. சதுரங்கமும்தான் ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே சதுரங்கத்துக்காக மானுவல் ஆரோன் அதைப் பெற்றார். கேரமுக்காகச் சென்னையின் மரியா இருதயம் 1996-இல் பெற்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைப் பெண்தான். நாட்டுக் கணக்கில் விளையாட்டு என்று பதிவானது நம் சங்கக் கணக்கில் மட்டும் பொழுதுபோக்கு ஆகுமா?

போன விழாவில் எங்களுக்குக் கிடைத்தது வேடிக்கை பார்க்க ஒரு நாற்காலி. இந்த முறை ஒரு கேரம் பலகையும், பின்பக்க மணல் திடலில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடமும் கொடுங்கள். அந்தத் தம்பியே என்னோடு முதல் ஆட்டம் ஆடட்டும். வியர்க்கிறதா என்று பிறகு சொல்லட்டும்.