ஆலோசனை சொல்பவனின் கடமை

(ஆண்டர்சன்பேட்டையில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பெரிய கன்சல்டிங் கம்பெனியில் உத்தியோகம் எப்படி இருக்கும் என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். அதில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

திங்கள் விடியற்காலை விமானம். வெள்ளி இரவு வீடு. அமாவாசைத் தர்ப்பணத்தை ஹோட்டல் அறையில் செய்ததுண்டு. ஒவ்வொரு மணி நேரமும் எந்த கிளையண்டுக்காக உழைத்தோம் என்று கணக்கு எழுத வேண்டும். உரிய காலத்தில் பதவி உயர்வு வராவிட்டால், வேறு இடம் பார்த்துக்கொள் என்று நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள். சம்பளத்துக்குக் குறைவில்லை. முப்பது வயதில் நாம் சொல்வதை ஒரு கம்பெனியின் தலைவர் கேட்பார். அந்த மயக்கத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

இந்தத் தொழில் நம் ஊருக்குப் புதிதல்ல. லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ், பல கம்பெனிகளின் சுரங்கங்களை நிர்வகித்துக் கொடுத்த பொறியாளர் நிறுவனம். 1880-ல் தொடங்கிய மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியின் முதலீடு கரைந்து, பங்குதாரர்கள் மனம் தளர்ந்திருந்தபோது, அவர்கள் அனுப்பிய காப்டன் பிளம்மர் 1883-ல் இங்கே வந்தார். முன்னோர் தோண்டி விட்டுப்போன பழைய குழிகளைக் கவனித்து, அவற்றின் அடியில் தேடினார். சாம்பியன் லோடு கிடைத்தது. உள்ளூர்க்காரன் ஏற்கெனவே அறிந்ததை மதித்துப் பார்ப்பதே நல்ல ஆலோசகனுக்கு முதல் பாடம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தபோது, அவர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாறைத்தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் சிலிகோசிஸ் விதிகள் 1940-ல்தான் மைசூரில் வந்தன. தங்கம் எத்தனை அவுன்ஸ் என்று லண்டனுக்கு ஒழுங்காகக் கணக்குப் போனது. இருமலுக்கு அதில் பத்தி இல்லை.

என் தவறையும் சொல்கிறேன். 2000-ஆம் வருஷம் ஒரு தொழிற்சாலைக்கு அறிக்கை எழுதினோம். நூற்றுப்பத்துப் பேர் உபரி என்பது அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதியவன் நான். எல்லோரும் பாராட்டினார்கள், நானும் விமானம் ஏறிவிட்டேன். அடுத்த வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தேன். என்னோடு கோலி விளையாடிய சிநேகிதன் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். "காலை ஷிப்டு சங்கு ஊதாமல் தூக்கம் வரலைடா" என்றான். அவனும் யாரோ எழுதிய காகிதத்தில் ஓர் எண்தான். என் நூற்றுப்பத்துப் பேரில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது.

சுரங்கத்தை மூடியது தவறு என்று நான் வாதிட வரவில்லை. ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி, செலவு வரவை மிஞ்சிவிட்டது. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கணக்கைச் சொல்பவன், அதில் அடிபடுபவரை ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் ஷாப் ஃப்ளோரில் இரண்டு நாள் நிற்காமல் நான் எந்த அறிக்கையிலும் கையெழுத்திடவில்லை. அதனால் பதவி உயர்வு ஒன்று தள்ளிப்போனது. வருத்தமில்லை.

இந்த உத்தியோகத்துக்குப் போகும் குழந்தைகள் தாராளமாகப் போகட்டும். நிறையக் கற்கலாம். ஊர் ஊராகப் போகும்போது, அங்கே இருக்கும் மனிதர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுதுங்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.